மாண்டி கிறிஸ்டோ பிரபுவை நேசிக்கிறவர்கள் இங்கே வாருங்கள்

தக்கலைக்காரன்

அலெக்சாந்தர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' நாவலை முழுசாகப் படித்தவர்கள் நம் குமரி மாவட்டத்தில் யாரெல்லாம் இருக்கிறீர்கள்? பிள்ளைகளுக்காகச் சுருக்கின பதிப்பைச் சொல்லவில்லை. 117 அத்தியாயமும் உள்ள தலையணைப் புத்தகம். இதைப் பற்றி மனசுவிட்டுப் பேச ஆள் வேண்டும்.

படிக்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கம் மட்டும். 1815 பிப்ரவரி 24 அன்று ஃபரவோன் என்ற கப்பல் மார்செய் துறைமுகத்துக்கு வருகிறது. கேப்டன் வழியிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். கப்பலைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவன் 19 வயது எட்மண்ட் டான்டெஸ். அடுத்த கேப்டன் அவன்தான் என்று முதலாளி மொரேல் சொல்லியாகிவிட்டது. காதலி மெர்சிடஸோடு கல்யாணமும் கூடிவிட்டது. அந்த விருந்துப் பந்தியில் வைத்தே அவனைக் கைது செய்கிறார்கள். கூட வேலை பார்த்த டாங்லார், இவன் நெப்போலியனின் ஆள் என்று இடது கையால் எழுதிய ஒரு மொட்டைக் கடுதாசிதான் காரணம். மெர்சிடஸ் மேல் ஆசை வைத்த ஃபெர்னான் அதைத் தபாலில் சேர்க்கிறான். பக்கத்து வீட்டு கேடரூஸ் எல்லாம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. விசாரிக்கிற அரசு வக்கீல் வில்ஃபோருக்கு இவன் நிரபராதி என்று தெரியும். ஆனால் இவன் கொண்டுவந்த ஒரு கடிதம் தன் அப்பாவுக்கு எழுதியது, அப்பாவின் பெயர் வெளியே வந்துவிடும் என்று பயந்து, அந்தக் கடிதத்தை எரித்துவிட்டு, பையனைக் கடல் நடுவே இருக்கிற ஷத்தோ தீஃப் கோட்டைக்கு அனுப்பிவிடுகிறான். 14 வருஷம்.

எல்லோரும் இதைப் பழிவாங்கும் கதை என்கிறார்கள். பழி இருக்கிறதுதான். ஆனால் இந்த நாவல் என்னைப் பிடித்து வைத்திருப்பது அதில் உள்ள பொறுமைக்காக. சிறையிலிருந்து தப்பித்து, மாண்டி கிறிஸ்டோ பிரபு என்ற பெயரில் பெரும் பணக்காரராகத் திரும்பி வந்த டான்டெஸ் அந்த நாலு பேர் மேலும் கத்தியை ஓங்குவதே இல்லை. ஒவ்வொருவனும் மண்ணில் புதைத்து வைத்த பழைய பாவம் எது என்று தேடிக் கண்டுபிடிக்கிறார். வில்ஃபோர் விஷயத்தில் அது நிஜமாகவே புதைத்த பாவம்: கள்ள உறவில் பிறந்த பச்சைக் குழந்தையை ஓத்தேய் என்ற ஊரில் ஒரு தோட்டத்தில் உயிரோடு புதைத்தவன் அவன். குழந்தை பிழைத்துவிட்டது. வளர்ந்து, கொலைக் குற்றவாளியாகக் கோர்ட்டில் நின்று, அரசு வக்கீலைக் கை காட்டி 'இவர்தான் என் அப்பா' என்று சொல்கிறது. பிரபு செய்தது அந்த இருவரையும் ஒரே ஊருக்குக் கொண்டுவந்தது மட்டும்தான்.

இது கைகட்டி உட்கார்ந்திருக்கிற பொறுமை இல்லை. வேலை செய்கிற பொறுமை. இப்படி ஒரு பழியை இத்தனை விரிவாக எழுதிய வேறு நாவலை நான் படித்ததில்லை.


குளச்சல் மாலுமி

வந்துவிட்டேன் அண்ணே. எனக்கு இந்தப் புத்தகம் வேதம் மாதிரி. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் என் பெட்டியில் எப்போதும் இருந்தது.

நீங்கள் பொறுமையைப் பிடித்தீர்கள், எனக்குக் கடல். தப்பிக்கிற அத்தியாயத்தை எத்தனை தடவை படித்தாலும் மூச்சு முட்டுகிறது. பக்கத்து அறைக் கைதி ஃபாரியா பாதிரியார் இறந்துபோகிறார். அவர் உடலைச் சாக்கில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். டான்டெஸ் அதைப் பிரித்து, உடலைச் சுரங்கம் வழியாகத் தன் அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு, தான் சாக்குக்குள் புகுந்து உள்ளிருந்தே தைத்துக்கொள்கிறான். புதைப்பார்கள், மண்ணைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடலாம் என்பது அவன் கணக்கு. காவலர்கள் வந்து காலில் எதையோ கட்டுகிறார்கள். அது என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், அலைச் சத்தம் கிட்டே வருகிறது. அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து வீசி ஆட்டி எறிகிறார்கள். காலில் கட்டியது 36 பவுண்டு பீரங்கிக் குண்டு. அந்தக் கோட்டைக்குச் சுடுகாடு கிடையாது, கடல்தான்.

கையில் கத்தி வைத்திருந்தான். சாக்கைக் கிழித்துவிட்டான், ஆனால் குண்டு இழுத்துக்கொண்டே போகிறது. உடம்பை வளைத்து, மூச்சு அடங்கப்போகிற நேரத்தில் கால் கயிற்றை அறுக்கிறான். மேலே வந்து ஒரு மூச்சு எடுத்துவிட்டு மறுபடி முங்குகிறான், யாரும் பார்த்துவிடக்கூடாது என்று. அந்த இரண்டாவது முங்கல்தான் அவன் யார் என்று காட்டுகிற இடம். 14 வருஷத்துக்குப் பிறகு காற்று கிடைத்தவன் அதை ஒரே ஒரு மூச்சோடு விட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போகிறான்.

அந்த ராத்திரி புயல். பக்கத்துப் பாறைத் தீவில் ஒதுங்குகிறான். அவன் கண் முன்னாலேயே ஒரு படகு உடைந்து ஆட்கள் செத்துப்போகிறார்கள். காலையில் செத்த மாலுமி ஒருவனுடைய சிவப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, உடைந்த மரக்கட்டையைப் பிடித்து நீந்தி, அந்த வழியாகப் போன கடத்தல்காரர்களின் கப்பலில் ஏறுகிறான். உடைந்த படகில் தப்பித்தவன் நான் ஒருத்தன்தான் என்று சொல்லிவிடுகிறான். ஒரு தொப்பி போதும், கதை நம்பும்படி ஆகிவிட்டது. டூமாவுக்குக் கடல்காரன் மனசு தெரிந்திருக்கிறது.


நாஞ்சில் வாசகி

தக்கலைக்காரன் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஒரு கேள்வி. பொறுமைதான் நாவலின் உயிர் என்றால், அந்தப் பொறுமையான வருஷங்கள் புத்தகத்தில் எங்கே இருக்கின்றன?

1829 பிப்ரவரியில் தப்பிக்கிறார். அதே வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி, கடனில் மூழ்கித் தற்கொலைக்குத் தயாராக இருக்கிற பழைய முதலாளி மொரேலைக் காப்பாற்றுகிறார். அடுத்த அத்தியாயம் 1838-ல் தொடங்குகிறது. நடுவில் எட்டு வருஷத்துக்கு மேல் காணோம். ஒரு மாலுமிப் பையன் எப்படிப் பிரபு ஆனார், யாரிடம் என்ன விசாரித்தார், எத்தனை ராத்திரி 'போதும், விட்டுவிடலாம்' என்று நினைத்தார், ஒன்றும் இல்லை. காத்திருப்பைப் பற்றிய நாவல் காத்திருப்பைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. எனக்கு இது குறையாகவே படுகிறது.


தக்கலைக்காரன்

நல்ல கேள்வி அக்கா. ஆனால் எனக்கு அந்த இடைவெளிதான் பிடித்திருக்கிறது. எட்டு வருஷத்துக்குப் பிறகு அவரை நாம் ஓர் அந்நியராகத்தான் பார்க்கிறோம். வெளுத்த முகம், குளிர்ந்த கை, எல்லாம் தெரிந்து வைத்திருக்கிற ஆள். 'இவர்தான் டான்டெஸ்' என்று டூமா சட்டென்று சொல்வதில்லை. பழைய எட்மண்ட் எங்கேயாவது எட்டிப்பார்க்கிறானா என்று நாம்தான் தேட வேண்டியிருக்கிறது. காத்திருப்பை விவரிக்காமல், நம்மைக் காத்திருக்க வைத்துவிடுகிறார்.

இன்னொன்று, இது பாரிஸ் நாளிதழில் தொடர்கதையாக வந்தது. 1844 ஆகஸ்ட் 28-ல் தொடங்கி, நடுவில் நின்று நின்று, 1846 ஜனவரி 15 வரை. 'தொடரும்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டி வளர்ந்த நம் அம்மாமாருக்கு அந்த அவஸ்தை நன்றாகவே புரியும். இன்றைக்கு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.


விளவங்கோடு டீச்சர்

நான் ஃபாரியா பாதிரியாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியர் வேலை பார்த்தவளுக்கு அவர்தான் கதாநாயகன்.

தப்பிக்கச் சுரங்கம் தோண்டினார். கணக்குப் பிசகி, வெளிச் சுவருக்குப் போகாமல் டான்டெஸின் அறையில் வந்து முட்டியது. அத்தனை உழைப்பும் வீண் என்று தெரிந்த அன்றைக்கே ஒரு மாணவன் கிடைத்துவிட்டான். கோட்டையில் விரத நாளில் கொடுக்கிற பெரிய மீனின் தலையில் இருந்து குருத்தெலும்பை எடுத்துப் பேனா சீவியிருக்கிறார். புகைக்கரியை ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற ஒயினில் கரைத்து மை. சட்டைத் துணியைக் கிழித்து அதில் ஒரு முழு நூல் எழுதி வைத்திருக்கிறார். சாளைத் தலையையும் அயலை முள்ளையும் தினமும் தூக்கிப் போடுகிற ஊரில் இருந்து இதைப் படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

கணிதம், வரலாறு, மொழிகள் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். புதையல் இருக்கிற தீவையும் அவர்தான் சொல்கிறார். ஆனால் முக்கியமானது அதற்கெல்லாம் முந்தி நடக்கிறது. 'உன்னை உள்ளே தள்ளியதால் யாருக்கு லாபம்?' என்று கேட்டுக் கேட்டு, டாங்லார், ஃபெர்னான், வில்ஃபோர் மூன்று பேரையும் அந்த இருட்டறையிலேயே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறார். உடனே வருத்தப்படுகிறார். உன் மனதில் இல்லாத ஒன்றை, பழி உணர்ச்சியை, நான் விதைத்துவிட்டேனே என்கிறார். பாடம் சொல்லிக்கொடுத்தவருக்கே தான் கொடுத்த அறிவைப் பார்த்துப் பயம் வருகிறது. நாவலின் மற்ற அத்தனை பக்கங்களும் அந்த ஒரு வருத்தத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு செய்தி. ஃபாரியா என்ற பெயர் நம் நாட்டுக்காரருடையது. கோவாவில் காண்டோலிமில் 1756-ல் பிறந்து பாரிஸ் போய், மனோவசியத்தில் பெயர் வாங்கிய ஹோசே குஸ்தோதியோ தெ ஃபாரியா என்ற பாதிரியார் உண்மையில் இருந்தார். நாவலில் அவரை இத்தாலிக்காரராக ஆக்கிவிட்டார் டூமா. பனாஜியில் பழைய தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. கோவா போகிறவர்கள் கடற்கரையை மட்டும் பார்த்துவிட்டு வராமல் அங்கேயும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.


குலசேகரம் ரப்பர்

படித்தவர்கள் எல்லாம் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் இந்தப் புத்தகத்தைக் கோபத்தில் இருக்கும்போது படித்தவன்.

கூட்டுத் தொழிலில் ஒருவர் என்னை ஏமாற்றினார். ரப்பர் ஷீட் எடைக் கணக்கு ஒரு நோட்டிலும், மரத்தில் ஒட்டிக் காய்கிற ஒட்டுப்பாலின் கணக்கு வேறொரு நோட்டிலும் எழுதி, எனக்கு ஒரு நோட்டை மட்டும் காட்டி வந்தார். விவரம் தெரிந்தபோது தோட்டக் குத்தகையே கையை விட்டுப் போயிருந்தது. ராத்திரி தூக்கம் வராது. அந்த நாட்களில்தான் இது கைக்கு வந்தது. டாங்லாரைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆளின் முகம்தான் தெரிந்தது. அதனால் டாங்லார் வருகிற பக்கங்கள் எனக்கு வரிவரியாக மனப்பாடம்.

அதில் தந்தி ஆபரேட்டர் வருகிற இடத்தை யாரும் சொல்லவில்லையே. கம்பித் தந்திக்கு முந்திய காலம். கோபுரத்து மேல் மரக்கைகளை அசைத்துச் சைகை காட்டுவார்கள். அடுத்த கோபுரத்து ஆள் அதைப் பார்த்து அப்படியே திருப்பிக் காட்டுவான். அந்தச் சைகைக்கு அர்த்தம் அவனுக்கே தெரியாது. பிரபு ஒரு கோபுரத்துக்குப் போகிறார். அங்கே இருக்கிற மனுஷனுக்கு வருஷத்துக்கு 1,000 பிராங்க் சம்பளம். உயிர் முழுக்கக் கீழே இருக்கிற சின்னத் தோட்டத்தில். ஒருவகை எலி வந்து பழங்களைக் கடித்துப் போடுகிறது என்பதுதான் அவனுடைய ஒரே துக்கம். பிரபு அவனிடம் 25,000 பிராங்க் கொடுத்து, மூன்றே மூன்று பொய்ச் சைகைகளை அனுப்பவைக்கிறார். ஸ்பெயினில் கலகம் என்று பாரிஸில் செய்தி பரவுகிறது. டாங்லார் பதறிப்போய்க் கையில் இருக்கிற ஸ்பெயின் கடன் பத்திரங்களை விற்றுத் தள்ளுகிறான். மறுநாள் செய்தி பொய் என்று தெரிந்து விலை ஏறுகிறது. அவனுக்குப் பெருத்த நஷ்டம்.

பிரபு அவன் பணத்தைத் திருடவில்லை. முந்திச் செய்தி தெரிந்து லாபம் பார்க்கிற புத்தியை அவன் எங்கே வைத்திருக்கிறான் என்று பார்த்து, அங்கே கை வைத்தார். வாட்ஸ்அப்பில் வருகிற புரளியைப் பார்த்து விலை கூடும் குறையும் என்று சரக்கைத் தள்ளுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். 1840-களில் எழுதியது இது.


சின்னத்துறை மகள்

மெர்சிடஸைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

அவள் மார்செய் பக்கத்து மீனவக் குடியிருப்பைச் சேர்ந்தவள். கட்டலான்கள் என்று தனியாக வாழ்கிற கூட்டம். அதைப் படித்ததும் எங்கள் துறை மாதிரியே இருந்தது. எட்மண்டைக் கொண்டுபோன பிறகு அவள் 18 மாதம் காத்திருக்கிறாள். எந்தத் தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று கேட்டு அரசு வக்கீல் வாசலில் போய் நிற்கிறாள். எட்மண்டின் அப்பா சோறு தண்ணி இல்லாமல் மனசு உடைந்து சாகிறார், கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டவள் இவள். ஒண்டியாக நிற்கிறாள். அப்போதுதான் ஃபெர்னானைக் கட்டுகிறாள். மொட்டைக் கடுதாசி விஷயம் அவளுக்குத் தெரியாது.

இதற்காகப் பிரபு அவள் மேல் வைத்திருக்கிற கசப்பு எனக்கு ஆறவே ஆறாது. வாசகர்களும் 'ஒன்றரை வருஷம்கூடப் பொறுக்கமாட்டாளா' என்று லேசாகக் கேட்டுவிடுகிறார்கள்.

2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் தங்குகடலில், அதாவது நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிற ஆழ்கடலில், இருந்தார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. பல பேருக்கு உடலும் கரைக்கு வரவில்லை. உடல் வராத வீட்டில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா ரொம்ப நாள் கணவரின் ஆன்மாவுக்குப் பூஜை கேட்க ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டால் அவர் செத்ததாக ஆகிவிடும் என்றார். ராத்திரி லோடு இறக்க வருகிற வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு வருவார். ரேஷன் கடையில் 'குடும்பத் தலைவர் எங்கே' என்று கேட்டால் பதில் சொல்லாமல் திரும்பிவிடுவார். அவர் மறுகல்யாணம் செய்திருந்தால் யாராவது குறை சொல்லியிருக்க முடியுமா? முடியாது. நான் விட்டிருக்கமாட்டேன்.

டான்டெஸுக்குச் சிறையில் சுவர் இருந்தது, சுரங்கம் இருந்தது, ஃபாரியா இருந்தார். அவளுக்கு ஒன்றுமே இல்லை. பொறுமை என்று பேசுகிறவர்கள் முதலில் அவளிடமிருந்து தொடங்க வேண்டும்.


தக்கலைக்காரன்

தங்கச்சி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மறுக்க ஒன்றும் இல்லை. அவளுக்குச் சேர வேண்டிய இன்னும் ஒன்றைச் சொல்கிறேன். பாரிஸில் பிரபுவைப் பார்த்த எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஃபெர்னான், டாங்லார், வில்ஃபோர் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. முதலில் குரலைக் கேட்டதுமே கண்டுகொண்டவள் அவள்தான். தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்கிறாள்.

அவள் வீட்டு விருந்தில் கண்ணாடித் தோட்டத்துக்கு அவரை அழைத்துப் போய்த் தன் கையால் திராட்சைக் கொத்தைப் பறித்து நீட்டுகிறாள். வேண்டாம் என்கிறார். ஒரு பீச் பழத்தைப் பறிக்கிறாள். அதையும் வேண்டாம் என்கிறார். ஒரே கூரையின் கீழ் அப்பமும் உப்பும் பகிர்ந்தவர்கள் ஆயுளுக்கும் நண்பர்கள் என்று அரபு நாட்டில் ஒரு வழக்கம் உண்டே என்று அவள் கேட்கிறாள். நாம் அரபு நாட்டில் இல்லை, பிரான்சில் இருக்கிறோம் என்று பதில் வருகிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இடத்தை யாரும் விளக்க வேண்டாம். அந்த வீட்டு உப்பு நாவில் பட்டால் பழியை விட வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் ஒரு பழத்துக்குக்கூட அத்தனை பயம்.


நாஞ்சில் வாசகி

பழியைக் கடைசியில் உடைக்கிறவளும் அவள்தானே. மகன் அல்பேர் மறுநாள் காலை பிரபுவோடு நடக்கிற துப்பாக்கிச் சண்டையில் சாகப்போகிறான். ராத்திரி முகத்திரை போட்டுக்கொண்டு வந்து 'எட்மண்ட், என் மகனைக் கொல்லாதே' என்கிறாள். அத்தனை வருஷத்தில் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் அவள் ஒருத்தி. அவனை விட்டுவிடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுக்கிறார். அப்படியென்றால் தான் சாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் போய் மகனிடம் அப்பா செய்த துரோகத்தைச் சொல்லிவிடுகிறாள். காலையில் அந்தப் பையன் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறான். அப்புறம் அம்மாவும் பிள்ளையும் ஃபெர்னானின் சொத்தில் ஒரு காசுகூட எடுக்காமல் வீட்டைவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.


விளவங்கோடு டீச்சர்

வள்ளுவர் இந்த இரண்டு பக்கத்தையும் எழுதிவைத்திருக்கிறார். காலமறிதல் அதிகாரத்தில்:

பொள்ளென ஆங்கே புறம்வேரார் காலம்பார்த்து
உள்வேர்ப்பர் ஒள்ளி யவர்

அறிவுள்ளவர்கள் கோபத்தை அந்த இடத்திலேயே வெளியே காட்டமாட்டார்கள், காலம் பார்த்து உள்ளேயே புழுங்கிக்கொண்டிருப்பார்கள். மாண்டி கிறிஸ்டோ பிரபுவின் வெளுத்த முகம் இதுதான். பொறையுடைமை அதிகாரத்துக்கு வந்தால்:

ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம் பொறுத்தார்க்குப்
பொன்றும் துணையும் புகழ்

தண்டித்தவனுக்கு ஒரு நாள் இன்பம், பொறுத்தவனுக்கு உலகம் அழியும்வரை புகழ். முதல் குறள் பொருட்பால், அரசனுக்குச் சொன்னது. இரண்டாவது அறத்துப்பால், வீட்டில் இருக்கிறவனுக்குச் சொன்னது. டான்டெஸ் செய்த தவறு இங்கேதான் என்று நினைக்கிறேன். வீட்டில் இருக்க வேண்டியவன் தன்னை அரசனாக, சில இடங்களில் கடவுளின் கையாகவே நினைத்துக்கொண்டான்.


கோட்டாறு பழைய புத்தகம்

சிறை, பொறுமை என்று பேசும்போது நம் மண்ணில் நடந்ததை விட்டுவிடக்கூடாது. 1741-ல் குளச்சல் போரில் டச்சுப் படை திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். தன்னைச் சிறைபிடித்த அரசருக்கே படைத் தளபதியாகி, 1777-ல் சாகும்வரை இங்கேயே இருந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது, கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. அந்தக் கைதிக்குப் பழி என்ற எண்ணமே வந்ததாகத் தெரியவில்லை. வந்த இடத்தில் வாழ்ந்து முடித்துவிட்டார்.

அந்த டிலனாயிடம் நட்டாலத்தைச் சேர்ந்த அரண்மனை அதிகாரி ஒருவர் மனவேதனையோடு போனபோது, அவர் பைபிளில் எத்தனை துன்பத்தையும் பொறுத்துக்கொண்ட யோபுவின் கதையைச் சொன்னார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லிவருவது. அந்த அதிகாரிதான் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம். 1749-ல் கைதாகி, பலவித வதைக்குப் பிறகு 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடக்கம் செய்தது எங்கள் கோட்டாறு சவேரியார் கோவிலில். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தார்கள். பொறுமைக்கு முடிவில் பழி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. டூமாவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பேரும் கூடவே வருகிறார்கள்.


குளச்சல் மாலுமி

அண்ணாச்சி சொன்ன இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன். ஆனால் டான்டெஸ் புனிதர் இல்லை, 19 வயதில் எல்லாம் பறிபோன பையன். அவனுக்குக் கோபம் வருவது நியாயம். டூமாவின் அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெய்ட்டித் தீவில் அடிமைத் தாய்க்குப் பிறந்து, பிரெஞ்சுப் படையில் ஜெனரலாக உயர்ந்தவர். 1799-ல் கப்பல் ஒதுங்கிய இத்தாலியக் கரையில் பிடிபட்டு இரண்டு வருஷம் சிறையில் கிடந்து, உடம்பு கெட்டுத் திரும்பினார். டூமாவுக்கு மூன்றரை வயதாகும்போது இறந்துவிட்டார். அந்தப் பிள்ளை எழுதிய நாவலில் சிறைச் சுவர் இத்தனை நிஜமாக இருப்பதற்கு எனக்கு வேறு காரணம் வேண்டாம்.


பார்வதிபுரம் மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். இதையெல்லாம் படித்துவிட்டு நானும் தொடங்கியிருக்கிறேன். ரோம் திருவிழாவில் வந்து மாட்டிக்கொண்டேன். டான்டெஸைக் காணோம், யாரோ இரண்டு பணக்காரப் பையன்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இதைத் தாண்டிவிடலாமா?


விளவங்கோடு டீச்சர்

தாண்டாதே தம்பி. அந்த இரண்டு பையன்களில் ஒருவன்தான் அல்பேர், மெர்சிடஸின் மகன். பிரபு பாரிஸுக்குள் நுழைய வேண்டும், அதற்கு ஒரு வாசல் வேண்டும். கொள்ளைக்காரர்கள் அல்பேரைக் கடத்துவதும் பிரபு போய் மீட்பதும் அதற்காகத்தான். பெயர்கள் குழம்பினால் ஒரு தாளில் நாலு குடும்பத்தையும் வரைந்து வைத்துக்கொள். ஆங்கிலத்தில் படிக்கிறாய் என்றால் ராபின் பஸ் 1996-ல் செய்த முழு மொழிபெயர்ப்பு நன்றாகப் போகும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது 1840-களின் பழைய ஆங்கிலம், கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும்.


நாஞ்சில் வாசகி

தம்பி இதற்கு மேல் படிக்க வேண்டாம், முடிவு வருகிறது.

தக்கலைக்காரன் முதலில் சொன்ன 'அவரவர் பாவம் அவரவரை அழிக்கிறது' என்ற கணக்கு ஓர் இடத்தில் உடைகிறது. வில்ஃபோரின் இரண்டாவது மனைவிக்கு விஷத்தைப் பற்றி விளக்கமாகப் பேசி ஆசை காட்டியவர் பிரபுதான். அவள் அந்த வீட்டில் ஒவ்வொருவராகக் கொல்கிறாள். மாட்டிக்கொண்டதும் தானும் விஷம் குடித்து, தன் சின்ன மகன் எத்வாருக்கும் கொடுத்துவிடுகிறாள். 'நான் எட்மண்ட் டான்டெஸ்' என்று பிரபு வந்து நிற்கும்போது, வில்ஃபோர் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் இரண்டு உடலையும் காட்டுகிறான். உன் பழி தீர்ந்ததா, பார் என்கிறான். பிரபு அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பிழைக்கவைக்க என்னென்னவோ செய்து பார்க்கிறார். முடியவில்லை. வில்ஃபோர் பைத்தியமாகித் தோட்டத்தில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறான்.

அதன் பிறகுதான் அவர் ஷத்தோ தீஃபுக்குத் திரும்பிப் போகிறார். அதற்குள் அது சுற்றுலா இடமாகிவிட்டது. வழிகாட்டி ஒருவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, 'இந்த அறையில் ஒரு கைதி இருந்தான், சாக்கில் புகுந்து தப்பித்தான்' என்று அவரிடமே அவர் கதையைச் சொல்கிறான். தான் செய்தது சரியா என்று கேட்டுக்கொண்டு வந்த மனுஷர், தன் கதையைப் பிறர் வாயால் கேட்டு நிற்கிறார். ஃபாரியா துணியில் எழுதிய அந்த நூல் அவர் கைக்கு வருகிறது. சமாதானம் ஆனதாகச் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. எத்வார் செத்தது செத்ததுதான்.


தக்கலைக்காரன்

எத்வாரைப் பொறுத்தவரை நானும் உங்கள் பக்கம்தான் அக்கா. அந்தக் குழந்தைக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. அதை மறைக்காமல், கதாநாயகன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தாரே டூமா, அதனால்தான் இந்த நாவலை இத்தனை நேசிக்கிறேன்.


குலசேகரம் ரப்பர்

டாங்லாரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இது எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது.

மொட்டைக் கடுதாசியை எழுதியது அவன். எல்லாவற்றுக்கும் மூலம் அவன்தான். ஆனால் நாலு பேரில் லேசான தண்டனை அவனுக்குத்தான். கேடரூஸ் கத்திக்குத்தில் செத்தான், ஃபெர்னான் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான், வில்ஃபோருக்குப் புத்தி பேதலித்தது. டாங்லாரை ரோம் பக்கத்துக் கொள்ளைக்காரர்கள் பிடித்துவைத்து, ஒரு கோழி சாப்பிட 1,00,000 பிராங்க் என்று கேட்டுக் கேட்டு அவன் அமுக்கின பணத்தையெல்லாம் கறந்துவிடுகிறார்கள். பட்டினியில் அவன் தலைமயிர் நரைத்துப்போகிறது. டான்டெஸின் அப்பா பட்டினியில் செத்ததற்கு இதுதான் பதில் என்று நினைத்துப் படித்துக்கொண்டே வந்தேன். அப்போது பிரபு வந்து 'மன்னித்தேன்' என்கிறார். மீதி இருந்த 50,000 பிராங்கையும் கையில் கொடுத்து, சாப்பாடும் போட்டு அனுப்பிவிடுகிறார்.

முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் ஆளுக்கு இந்த மன்னிப்பு கிடைக்கக்கூடாது என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிறகுதான் வரிசையைக் கவனித்தேன். எத்வாரின் உடலைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போதே பிரபு சொல்லிவிடுகிறார்: போதும், கடைசி ஆளையாவது காப்பாற்றுவோம் என்று. அந்தக் கடைசி ஆள்தான் டாங்லார். அந்தக் குழந்தை செத்திருக்காவிட்டால் டாங்லாரும் அந்தக் குகையில் செத்திருப்பான். அவன் தகுதிக்குக் கிடைத்த மன்னிப்பு இல்லை அது. முந்திய வீட்டில் நடந்ததற்கு பிரபு கட்டிய கடன்.

என் வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது, வாய்தா வந்தால் போய் நிற்கிறேன். அந்த ஆளுக்கு ஒரு பெண் பிள்ளை உண்டு, மார்த்தாண்டத்தில் படிக்கிறது. பஸ்ஸில் பார்த்தால் 'மாமா' என்று கூப்பிட்டு இடம் விட்டுக் கொடுக்கும். நானும் உட்காருவேன்.